அப்பாவைக் கேட்டீங்களா?

விடியற்காலை. மாரிகுப்பம் ரயில் நிலையம். பெங்களூர் போகும் ரயில் நிற்கிறது. ஆண்களும் பெண்களும் ஓடி வந்து ஏறுகிறார்கள். கையில் சோற்று டப்பா. இருட்டும்போதுதான் வீடு திரும்புவார்கள்.

முன்பு கோலார் தங்கவயலில் வேலை காலுக்கு அடியிலேயே இருந்தது. 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்தது. சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் முன்னோர்கள் அதில் இறங்கினார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு வேலை தேடி தினமும் 100 கிலோமீட்டர் போகவேண்டியதாயிற்று.

சுரங்கம் மூடிவிட்டது. அதன் தூசி இன்னும் சிலர் மார்பில் இருக்கிறது.

பாறையைத் துளைக்கும்போது மிக நுண்ணிய தூசி பறக்கும். கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு உள்ளே போகும். நுரையீரலில் தங்கிவிடும். வருடக்கணக்கில் தங்கினால் நுரையீரல் காய்த்துப்போகும். இந்த நோய்க்குப் பெயர் சிலிகோசிஸ். வேலையை விட்ட பிறகும் நோய் வளரும். குணமாக்கும் மருந்து இல்லை. காசநோயும் எளிதில் பிடிக்கும். 1940-களில் கோலார் சுரங்கத் தொழிலாளர்கள் 7,653 பேரை மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். பத்தில் நாலு பேருக்கும் மேல் இந்த நோய் இருந்தது.

இப்போது ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். எந்த லைனிலும் இப்படி ஒரு குடும்பம் இருக்கும்.

அப்பாவுக்கு வயது 72. இருபத்தைந்து வருடம் சுரங்கத்தில் இறங்கியவர். மூச்சு வாங்குகிறது. நாலு அடி நடந்தால் உட்கார்ந்துவிடுவார். இந்த வருடத்தில் மூன்றாவது முறையாக ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மூக்கில் பிராணவாயுக் குழாய்.

டாக்டர் மூத்த மகனை வெளியே அழைத்துப் பேசினார். "நுரையீரல் பெரும்பாலும் கெட்டுப்போச்சு. அடுத்த தடவை மூச்சு நின்னுட்டா மிஷின் வைக்கணும். வைக்கிறதா வேண்டாமான்னு வீட்டுல பேசி முடிவு சொல்லுங்க" என்றார். அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டில் பேசினார்கள். சண்டைதான் வந்தது.

மூத்தவன் தினமும் ரயிலில் பெங்களூர் போய் எலக்ட்ரீசியன் வேலை செய்கிறவன். "பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாம்" என்றான். மகளை வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் ஓடி வந்தவள். "அப்பாவைக் குத்திக் கிழிச்சது போதும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்று அழுதாள். இளையவன் குவைத்தில் இருக்கிறான். போனில் கத்தினான். "எவ்வளவு செலவானாலும் நான் அனுப்பறேன். நான் வர்ற வரைக்கும் உயிரோட வச்சிருங்க."

"நீ பணம் அனுப்புவே. ராத்திரி கண் முழிக்கிறது யாரு?" என்றான் மூத்தவன். போன் நின்றுவிட்டது.

அம்மா? அவர் வராந்தாவில் மூலையில் உட்கார்ந்திருந்தார். மடியில் கஞ்சித் தூக்கு. அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வார்டில் ஒரு நர்சு இருந்தார். சத்தம் அவர் காதில் விழுந்தது. அவர் அதட்டவில்லை. "இங்கே சண்டை போடாதீங்க" என்று விரட்டவும் இல்லை. வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நின்றுகொண்டு பேசுகிறவரிடம் நாம் சுருக்கமாகப் பதில் சொல்வோம். அவருக்கு நேரம் இல்லை என்று நினைத்துக்கொள்வோம். உட்கார்ந்தவரிடம் மனம் திறப்போம். நல்ல நர்சுகளுக்கு இது தெரியும்.

மூத்தவனையும் மகளையும் அருகில் அழைத்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டாக்டர் சொன்னது உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

"மிஷின் வச்சா சரியாயிடும்னு சொன்னாரு" என்றான் மூத்தவன்.

"இன்னைக்கோ நாளைக்கோன்னு சொன்னாராம்" என்றாள் மகள்.

"சளி கட்டியிருக்குது, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போகலாம்னு பெரியவன் சொன்னான்" என்றார் அம்மா.

டாக்டர் சொன்னது ஒன்று. வீட்டில் மூன்று பேருக்கு மூன்று விதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. குவைத்துக்கு எப்படிப் போயிருக்குமோ! இப்படி இருந்தால் முடிவு எப்படி ஒன்றாக வரும்? குடும்பங்களில் இந்த நேரத்தில் வரும் சண்டையில் பாதி, பாசக் குறைவால் வருவதில்லை. ஆளுக்கு ஒரு செய்தி கேட்டதால் வருகிறது.

நர்சு டாக்டரிடம் போனார். "சார், சாயந்திரம் பத்து நிமிஷம் வேணும். குடும்பம் மொத்தமும் உட்காரும். நீங்களும் உட்காரணும்" என்றார்.

நோய் என்ன, எவ்வளவு முற்றியிருக்கிறது என்று சொல்வது டாக்டரின் வேலை. அது எல்லோர் காதிலும் ஒரே மாதிரி விழும்படி பார்த்துக்கொள்வது நர்சு செய்யக்கூடிய வேலை.

சாயந்திரம் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அம்மாவுக்கும் ஒரு நாற்காலி. போனில் இளையவன். எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தார் நர்சு. டாக்டர் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து பேசினார். நர்சு இடையிடையே நிறுத்தி, தமிழில் சொன்னார். "வென்டிலேட்டர்னா என்னன்னு அம்மாவுக்குச் சொல்லிடுங்க சார்" என்றார்.

டாக்டர் விளக்கினார். தொண்டை வழியாகக் குழாய் இறக்குவார்கள். மிஷின் காற்றை உள்ளே தள்ளும். குழாய் இருக்கும்வரை பேச முடியாது. சாப்பிட முடியாது. பெரும்பாலும் மயக்க மருந்திலேயே வைத்திருப்பார்கள். நிமோனியா போல வந்து போகும் நோய்க்கு இந்த மிஷின் உயிர் காக்கும். சில நாளில் நுரையீரல் தேறும், குழாயை எடுத்துவிடலாம். ஆனால் அப்பாவின் நுரையீரல் தேறும் நிலையைத் தாண்டிவிட்டது. மிஷினில் ஏற்றினால் இறக்குவது கடினம்.

"அப்போ மிஷின் சரிபண்ணாதா?" என்றான் மூத்தவன் மெதுவாக.

"இவருக்குச் சரிபண்ணாது."

சற்று நேரம் யாரும் பேசவில்லை. போனில் இளையவன் அழுவது கேட்டது. நர்சு அந்த அமைதியைக் கலைக்கவில்லை. அழ நேரம் விட்டார். பிறகு கேட்டார்.

"அப்பாவைக் கேட்டீங்களா?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாது சிஸ்டர். சொல்லிடாதீங்க. மனசு விட்டுடுவாரு" என்றாள் மகள்.

நம் வீடுகளில் இது வழக்கம். பாசத்தால்தான் மறைக்கிறோம். ஆனால் படுக்கையில் இருப்பவருக்கு உண்மையிலேயே தெரியாதா? உடம்பு அவருடையது. வந்து போகிறவர்களின் முகத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பிள்ளைகள் அவருக்காக நடிக்கிறார்கள். அவர் பிள்ளைகளுக்காக நடிக்கிறார். கடைசியில் ஒருவரும் மனம்விட்டுப் பேசாமலே நாள் போய்விடுகிறது.

நர்சு மகளைக் கடிந்துகொள்ளவில்லை. "நானா போய் எதையும் திணிக்க மாட்டேம்மா. ஆனா அவர் கேட்டா பொய் சொல்ல மாட்டேன். எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்பறார்னு அவரையே கேட்கலாம். வேணாம்னு சொன்னா விட்டுடலாம்" என்றார். மகள் யோசித்தாள். சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் காலை. அப்பாவுக்கு மூச்சு கொஞ்சம் சீராக இருந்தது. நர்சு கட்டில் அருகே உட்கார்ந்தார். கூடவே அம்மாவும் பிள்ளைகளும்.

"ஐயா, உங்க உடம்பு எப்படி இருக்குன்னு நீங்க நினைக்கிறீங்க?"

அப்பா சிரித்தார். சிரிப்போடு இருமலும் வந்தது.

"என்கூட இறங்கினவங்க எத்தனை பேரு இப்படி இருமி இருமியே போனாங்க. எனக்குத் தெரியாதா சிஸ்டர்?"

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"டாக்டர் சொன்னதை முழுசா கேட்கணுமா? இல்லை, பிள்ளைங்க பார்த்துக்கட்டும்னு விடறீங்களா?"

"உள்ளதைச் சொல்லச் சொல்லுங்க."

டாக்டர் வந்து சொன்னார். அப்பா கேட்டுக்கொண்டார். நர்சு அடுத்த கேள்வி கேட்டார். "உங்களுக்கு எது ரொம்பப் பயமா இருக்குது?"

"சாவு இல்லை. மூச்சு முட்டுது பாருங்க, அதுதான். பூமிக்குள்ள மாட்டிக்கிட்ட மாதிரி இருக்குது."

"எது நடந்தா உங்களுக்கு நிம்மதி?"

அப்பா மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். வீட்டில் இருக்கவேண்டும். தொண்டையில் குழாய் வேண்டாம். சின்னவன் முகத்தைப் பார்க்கவேண்டும். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். "லைன் வீட்டுக் காகிதம் டிரங்குப் பெட்டிக்கு அடியில நியூஸ் பேப்பர்ல சுத்தி வச்சிருக்கேன். உங்க அம்மாவுக்கே தெரியாது."

அம்மா முதல் முறையாக வாய் திறந்தார். "எனக்குத் தெரியும். நான்தான் வருஷா வருஷம் பூச்சி உருண்டை வைக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும்தான்.

குழாய் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டா?

உண்டு. சுயநினைவோடு, தெளிவாக இருக்கும் வயது வந்த எவரும் ஒரு சிகிச்சையை வேண்டாம் என்று சொல்லலாம். விஷ ஊசி போட்டு உயிரை எடுப்பது வேறு. அது நம் நாட்டில் குற்றம். குணமாகாத நோயில் சாவை இழுத்துக்கொண்டே போகும் சிகிச்சையை வேண்டாம் என்பது வேறு. இந்த இரண்டையும் பலர் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள்.

பேச முடியாத நிலைக்குப் போய்விட்டால் அவருக்காக யார் பேசுவது? இந்தக் கேள்வியை நாட்டின் முன் வைத்தது ஒரு நர்சின் வாழ்க்கை. அருணா ஷான்பாக் என்று பெயர். கர்நாடகத்தின் ஹல்திப்பூர் ஊர்க்காரர். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நர்சாக இருந்தார். 1973-ல் ஒரு கொடியவன் தாக்கியதில் மூளை பாதிக்கப்பட்டது. அதன் பிறகு 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையில் படுக்கையிலேயே கிடந்தார். அங்கிருந்த நர்சுகள் அவரைக் கூடப்பிறந்தவர் போலப் பார்த்துக்கொண்டார்கள். அவரை இறக்க விடவேண்டும் என்று ஓர் எழுத்தாளர் வழக்குத் தொடுத்தார். நர்சுகளும் ஊழியர்களும் கூடாது என்றார்கள். 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தனை வருடம் பார்த்துக்கொண்ட மருத்துவமனை ஊழியர்களே அவருக்காகப் பேச உரியவர்கள் என்றது. வழக்கு தள்ளுபடியானது. அருணா 2015 மே 18 அன்று காலமானார்.

அதே தீர்ப்பில், உயிரை இழுத்துப்பிடிக்கும் சிகிச்சையை நிறுத்த ஒரு வழிமுறையும் சொல்லப்பட்டது. 2018 மார்ச் 9 அன்று வந்த இன்னொரு தீர்ப்பு, கண்ணியமாக இறப்பதும் மனிதனின் உரிமை என்றது. முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றும் சொன்னது. முதலில் அதற்கு மாஜிஸ்திரேட்டிடம் போகவேண்டியிருந்தது. ஏழை ஜனங்கள் எங்கே போவார்கள்? 2023 ஜனவரியில் இதை எளிதாக்கினார்கள். 18 வயது நிறைந்தவர், தெளிந்த மனதோடு எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போடவேண்டும். நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்று தரவேண்டும். தனக்காகப் பேசவேண்டியவர் யார் என்று பெயர் எழுதவேண்டும். எழுதியதைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

எழுதி வைக்காமலே நினைவு இழந்தவருக்கு? அப்போதும் வீட்டார் தனியாகவோ டாக்டர் தனியாகவோ முடிவு செய்யமுடியாது. டாக்டர்கள் குழு ஒன்று பார்க்கும். இரண்டாவது குழு ஒன்று அதைச் சரிபார்க்கும். வீட்டாரின் சம்மதம் வேண்டும். சிகிச்சையை நிறுத்தும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போகும். இந்தத் தீர்ப்பை நடைமுறைப்படுத்தும்படி கர்நாடக அரசு 2025 ஜனவரியில் உத்தரவு போட்டது.

சட்டம் போதும். குடும்பத்துக்கு வருவோம்.

மூத்தவன் வராந்தாவில் தனியாக நின்றான். நர்சு போனார்.

"மிஷின் வேணாம்னு நான் கையெழுத்துப் போட்டா, அப்பாவை நானே கொன்ன மாதிரி ஆகாதா சிஸ்டர்? நாளைக்கு ஊர்ல என்ன சொல்வாங்க?"

"முடிவு எடுத்தது நீங்க இல்லை. அப்பா வாயால சொன்னாரு. நீங்களும் கேட்டீங்க, உங்க தங்கச்சியும் கேட்டாங்க. அவர் சொன்னதை நீங்க காப்பாத்தறீங்க. ஊர்ல கேட்டா, அப்பா சொன்னாருன்னு சொல்லுங்க."

மூத்தவன் வெகுநேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு, "பணமும் இல்லை சிஸ்டர்" என்றான். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கம். பெங்களூர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு மனைவியின் தாலிச் சரட்டை வைக்க நினைத்திருந்தான். பணக் கஷ்டத்தைச் சொன்னால் பெற்றவர்மேல் பாசம் இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. சொன்னால்தான் அடுத்த வழியைப் பார்க்கலாம்.

இளையவனுக்கு ஒன்றுதான் மனக்குறை. அப்பாவை நேரில் பார்க்கவேண்டும். லீவு கிடைக்க இரண்டு வாரம் ஆகும். "வர்றப்போ பேசிக்கலாம்னு இருக்காதீங்க தம்பி. இப்பவே பேசுங்க" என்றார் நர்சு. போனில் முகம் பார்த்துப் பேசும்படி வைத்துக்கொடுத்தார். திரையை இழுத்துவிட்டு வெளியே வந்தார். அப்பாவும் மகனும் என்ன பேசினார்கள் என்று வேறு யாருக்கும் தெரியாது.

அப்பாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். மருத்துவம் நின்றுவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. மருத்துவத்தின் நோக்கம் மாறியது. இனி நோயை விரட்ட முடியாது. வேதனையை விரட்டலாம். இதைத்தான் வலி தணிப்பு மருத்துவம் என்கிறார்கள். லண்டனில் 1967-ல் இதற்கென்றே ஒரு மருத்துவமனை திறந்தவர் சிசிலி சாண்டர்ஸ். அவர் முதலில் நர்சு, பிறகுதான் டாக்டர். 1993-ல் கேரளத்தின் கோழிக்கோட்டில் ஒரு சங்கம் தொடங்கியது. அதன் வழியில் நர்சுகள் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வழக்கம் கேரளம் முழுவதும் பரவியது. பெங்களூரில் புற்றுநோய் முற்றியவர்களுக்காக 1994-ல் கருணாஷ்ரயா தொடங்கப்பட்டது. அங்கே காசு வாங்குவதில்லை.

வீட்டுக்கு அனுப்பும் முன் நர்சு மகளுக்கும் அம்மாவுக்கும் பழக்கிக்கொடுத்தார்.

மூச்சு முட்டும்போது மல்லாக்கப் படுக்கவைக்கக் கூடாது. தலையணை அடுக்கி, சாய்த்து உட்காரவைக்கவேண்டும். முன்னால் ஒரு தலையணை வைத்து அதன்மேல் கை ஊன்றச் சொல்லலாம். விசிறிக் காற்று முகத்தில் படவேண்டும். மூச்சுத் திணறல் அதனாலேயே கொஞ்சம் தணியும். மார்ஃபின் என்ற மருந்தை டாக்டர் சிறு அளவில் எழுதிக்கொடுத்தார். "அது சாகற மருந்தாச்சே" என்று பக்கத்து வீட்டார் பயமுறுத்தினார்கள். சொன்ன அளவில் கொடுத்தால் சாவை அது விரைவுபடுத்தாது. வலியையும் திணறலையும் தணிக்கும். மலச்சிக்கல் வரும், அதற்குச் சேர்த்து மருந்து கேட்டு வாங்கவேண்டும். இது கிடைப்பதை எளிதாக்க 2014-ல் சட்டமே திருத்தப்பட்டது.

அம்மாவுக்கு ஒரு கவலை. "சாப்பிட மாட்டேங்கிறாரு. பட்டினி போட்டு அனுப்பற மாதிரி இருக்குது."

"உடம்பு அடங்கும்போது பசி அடங்கிடும்மா. பசியால அவர் வாடலை. வற்புறுத்தி ஊட்டினா புரையேறும். கேட்டா ரெண்டு ஸ்பூன் கொடுங்க. வாய் காயாம ஈரத் துணியால துடைச்சு விடுங்க. அதுவும் ஊட்டறதுதான்."

கடைசியாக ஒரு காகிதம் எடுத்தார் நர்சு. ராத்திரியில் மூச்சு அதிகமாகத் திணறினால் என்ன செய்யவேண்டும்? எந்த மருந்து, எத்தனை சொட்டு? யாருக்குப் போன் செய்யவேண்டும்? பயத்தில் 108-ஐக் கூப்பிட்டால் வருகிறவரிடம் என்ன சொல்லவேண்டும்? எல்லாவற்றையும் எழுதினார். தொண்டையில் குழாய் வேண்டாம் என்று அப்பா சொன்னதையும் எழுதினார். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

காகிதத்தை மூத்தவனிடம் நீட்டினார். பிறகு கையை இழுத்துக்கொண்டார்.

"ராத்திரியில பக்கத்துல இருக்கப்போறது யாரு?"

"நான்தான்" என்றார் அம்மா.

"படிப்பீங்களாம்மா?"

"மையத்துல படிச்சேன். பெரிசா எழுதினா கூட்டிப் படிப்பேன்."

நர்சு இன்னொரு காகிதம் எடுத்தார். எல்லாவற்றையும் பெரிய எழுத்தில், தமிழில், மறுபடி எழுதினார். அம்மா விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துக் காட்டினார். மூன்றாவது வரியில் மருந்தின் பெயர் வந்தபோது தடுமாறினார். இரண்டாம் முறை சரியாகப் படித்தார். மடித்து இடுப்புச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

கலந்து பேசுங்கள்

1. டாக்டர் சொன்னது மூன்று பேருக்கும் ஏன் வேறு வேறாகப் புரிந்தது?

2. நோயாளியிடம் உண்மையைச் சொல்லலாமா? உங்கள் ஊரில் என்ன வழக்கம்? நர்சு செய்தது சரியா?

3. நம் வீட்டில் பேச முடியாத நிலை யாருக்காவது வந்தால், அவருக்காக யார் பேசவேண்டும் என்று அவரிடம் கேட்டிருக்கிறோமா?